கோட்டுக்கு எந்தப் பக்கம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் லேத் பட்டறைகளில், வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங் எண்ணெய்க் கறையோடு மேசை மேல் கிடக்கும். அதில் சமக்குறியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. "விட்டம் 25 மில்லிமீட்டர்" என்று மட்டும் எழுதி எந்த டிசைனரும் கையெழுத்துப் போடுவதில்லை. 25-ஐ ஒட்டி ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். துளை என்றால் பெரிய எழுத்தில் ஹெச், பக்கத்தில் 7. அதற்குள் போகும் தண்டு என்றால் சின்ன எழுத்தில் ஜி, பக்கத்தில் 6. முதலாவதன் பொருள், துளை 25.000-லிருந்து 25.021 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பது. இரண்டாவதன் பொருள், தண்டு 24.980-லிருந்து 24.993 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பது. ஆக, ஆர்டரில் அளவு கேட்கப்படவில்லை, இரண்டு எல்லைகள் கேட்கப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூட மொழியில் சொன்னால் அந்தத் தாள் முழுக்க அசமன்பாடுகள்.

வேறு வழியும் இல்லை. சரியாக 25.000000 என்று ஒரு தண்டை உலகில் யாராலும் கடைய முடியாது. டூல் தேயும், மெஷின் அதிரும், இரும்பு சூடாகும். எவ்வளவு நல்ல மெஷினிலும் அடுத்தடுத்து வரும் இரண்டு தண்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே "சமம்" என்று கேட்பவனுக்குப் பொருள் கிடைக்காது, "இதற்குள்" என்று கேட்பவனுக்குத்தான் கிடைக்கும்.

இந்த எல்லைகளுக்கு ஏன் இவ்வளவு தேவை என்பதை இந்த வட்டாரமே சொல்லும். வானகரத்திலிருந்து அம்பத்தூர் போகும் சாலை அயனம்பாக்கம் வழியாகத்தான் செல்கிறது. அந்தச் சாலையின் ஒரு முனை பூந்தமல்லி நெடுஞ்சாலை, மறுமுனைப் பக்கம் 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. கிழக்கே பாடியில் 1960-களின் தொடக்கத்தில் பிரேக், சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் ஆலைகள் வந்தன. வடமேற்கே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. பெரிய ஆலைகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. தண்டு ஒரு பட்டறையில், துளை போட்ட புஷ் இன்னொரு பட்டறையில், கிரைண்டிங் மூன்றாவது இடத்தில். தண்டைக் கடைபவர் துளை போடுபவரைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆனாலும் இரண்டும் ஓரிடத்தில் சேரும்போது ஒன்றுக்குள் ஒன்று போயாக வேண்டும். இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கிராஃப் தாளில் முழுதாகக் காட்டிவிடலாம்.

அதற்கு முன், பட்டறையில் உள்ள ஓர் எளிய கருவியைச் சொல்லியாக வேண்டும். ப்ளக் கேஜ் என்பார்கள். கைப்பிடி ஒன்று, இரண்டு பக்கமும் உருளை. ஒரு பக்கம் 'கோ', அது துளைக்குள் போக வேண்டும். மறுபக்கம் 'நோ-கோ', அது போகக் கூடாது, அதில் சிவப்பு வண்ணம் அடித்திருப்பார்கள். நம் துளைக்கான கேஜில் கோ பக்கம் 25.000, நோ-கோ பக்கம் 25.021. கோ போய், நோ-கோ போகாவிட்டால் துளை நல்லது. துளையின் அளவு என்ன என்று இந்தக் கருவியைக் கேட்டால் பதில் வராது. அதற்கு எண்ணே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் "இதைவிடப் பெரியது", "இதைவிடச் சிறியது" என்ற இரண்டு சொற்கள்தாம். அசமன்பாட்டை மட்டும் பேசும் கருவி இது. ஆயிரக்கணக்கில் பாகங்கள் ஓடும் இடத்தில் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும்விட இதற்கே மவுசு அதிகம்.

கணிதத்தில் இந்த எண்ணம் தாமதமாகத்தான் மரியாதை பெற்றது. சமக்குறியை 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் அச்சில் கொண்டுவந்தார். 'சிறியது', 'பெரியது' என்ற கூர்முனைக் குறிகள் தாமஸ் ஹாரியட்டின் நூலில், அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து, 1631-ல்தான் வந்தன. நம் வகுப்பறையிலும் அதே வரிசைதான். சமன்பாட்டுக்குப் பல ஆண்டுகள், அசமன்பாட்டுக்குச் சில பக்கங்கள். சமன்பாட்டைத் தீர்த்தால் ஒரு விடை வரும், அதற்கடியில் இரண்டு கோடு போட்டு முடித்துவிடலாம். அசமன்பாட்டின் விடையோ ஓர் இடம். அதைக் கோடு போட்டு முடிக்க முடியாது, வண்ணமடித்துக் காட்ட வேண்டும்.

இப்போது கிராஃப் தாளை எடுப்போம். துளையின் விட்டத்தை 'து' என்றும் தண்டின் விட்டத்தை 'த' என்றும் வைத்துக்கொள்வோம். கிடை அச்சில் து, குத்து அச்சில் த. 25 மில்லிமீட்டரைச் சுழியாக எடுத்து, அதற்கு மேலும் கீழும் மைக்ரானில் குறிப்போம். ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இனித் துளையின் எல்லை 0 முதல் 21, தண்டின் எல்லை −20 முதல் −7. இந்தத் தாளில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஜோடி: ஒரு துளை, அதற்கென எடுத்த ஒரு தண்டு.

தண்டு துளைக்குள் சுலபமாகப் போக வேண்டுமென்றால் து − த > 0. முதலில் து = த என்ற கோட்டைப் போடுங்கள். ஆதிப்புள்ளி வழியாக 45 டிகிரியில் ஏறும் கோடு அது. தாள் இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பாதி நமக்கு வேண்டியது? ஒரு புள்ளியை எடுத்துச் சோதித்தால் போதும். வழக்கமாக (0, 0) எடுக்கச் சொல்வார்கள், கணக்கு எளிது என்பதால். இங்கே அது கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் உதவாது. (10, 0) எடுங்கள்: 10 − 0 = 10, சுழியைவிடப் பெரியது, சரி. ஆகவே கோட்டுக்குக் கீழ்ப்பக்கம் முழுதும் நமக்கு.

ஒரே ஒரு புள்ளியைப் பார்த்து அரைத் தளத்துக்கும் தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயம்? மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது, பெரும்பாலும் கேட்பதில்லை. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாளின் மேல் பென்சிலை எடுக்காமல் நகர்த்திக்கொண்டு போனால், து − த என்ற மதிப்பும் விட்டுத் தாவாமல் மெல்ல மெல்லத்தான் மாறும். மிகை மதிப்பிலிருந்து குறை மதிப்புக்குப் போக அது சுழியைக் கடந்தே ஆக வேண்டும். சுழி இருக்கும் இடமோ அந்தக் கோடு மட்டும். எனவே கோட்டைத் தாண்டாமல் போய்ச் சேரக்கூடிய எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே குறிதான். கோட்டுக்கு ஒரு பக்கத்தில் ஒருவர் சொன்னால், அந்தப் பக்கம் முழுதும் சொன்னதாகிறது.

கோட்டை முழுக்கோடாகப் போடுவதா, விட்டுவிட்டுப் போடுவதா என்பதும் அலங்காரம் இல்லை. ≥ என்றால் கோட்டில் உள்ளவையும் உள்ளே, அதனால் முழுக்கோடு. > என்றால் கோட்டில் உள்ளவை வெளியே, அதனால் புள்ளிக்கோடு. தண்டும் துளையும் துல்லியமாகச் சமமாக இருந்தால் போகுமா போகாதா என்று ஃபிட்டர்கள் விவாதிக்கலாம், ஆனால் டிராயிங்கில் எல்லையையும் சேர்த்தே ஏற்கிறார்கள். அதனால் இனி வரும் கோடுகள் முழுக்கோடுகள்.

வெறுமனே உள்ளே போனால் போதாது. எண்ணெய்ப் படலம் நிற்க இடைவெளி வேண்டும், ஆனால் தண்டு ஆடும் அளவுக்கு வேண்டாம். குறைந்தது 7 மைக்ரான், அதிகம் போனால் 41 மைக்ரான் என்று வைப்போம். து − த ≥ 7, து − த ≤ 41. முதல் கோட்டுக்கு இணையாக, கொஞ்சம் கீழே ஒன்று, இன்னும் கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவே சாய்வாக ஏறிப்போகும் ஒரு பட்டை கிடைக்கிறது. மெஷினுக்கு வேண்டியது இந்தப் பட்டைதான். பட்டைக்குள் எந்த ஜோடி விழுந்தாலும் அது நன்றாக ஓடும்.

ஆனால் டிராயிங் பட்டையைக் கேட்கவில்லை. 0 ≤ து ≤ 21, −20 ≤ த ≤ −7 என்று கேட்கிறது. இந்த நான்கு அசமன்பாடுகளையும் வரைந்தால் ஒரு செவ்வகம் வருகிறது, 21 அகலம், 13 உயரம். அந்தச் செவ்வகத்தின் மேல் இடது மூலை, அதாவது மிகச் சிறிய துளையும் மிகப் பெரிய தண்டும், 7 மைக்ரான் கோட்டைத் தொடுகிறது. கீழ் வலது மூலை 41 மைக்ரான் கோட்டைத் தொடுகிறது. பட்டைக்குள் செருகிவைத்த பெட்டி அது. 21-ம் 13-ம் கூட்டினால் 34, பட்டையும் 7-லிருந்து 41 வரை 34 தான். இது தற்செயல் இல்லை. துளைக்காரருக்கு எவ்வளவு தளர்வு கொடுக்கிறோமோ அந்த அளவு தண்டுக்காரரிடமிருந்து பிடுங்குகிறோம். மொத்தம் 34, அதைப் பங்கு போடுவதுதான் டிசைனரின் வேலை.

இங்கே ஒரு வேடிக்கை. +30 மைக்ரானில் ஒரு துளை, +5 மைக்ரானில் ஒரு தண்டு. இடைவெளி 25 மைக்ரான், பட்டைக்கு நடுவில் அழகாக விழுகிறது. இந்த இரண்டையும் கோத்தால் அருமையாக ஓடும். ஆனால் இன்ஸ்பெக்ஷனில் இரண்டுமே ரிஜெக்ட். துளை கேஜில் நோ-கோ உள்ளே போய்விடும், தண்டுக்கென உள்ள இதுபோன்ற கேஜில் கோ பக்கத்துக்குள் தண்டு நுழையாது. ஒன்றுக்கொன்று பொருத்தமான இரண்டு பாகங்களைத் தனித்தனியே கழித்துக் கட்டுகிறோம். இது வீண்செலவு இல்லையா?

வீண்செலவுதான், தெரிந்தே செய்வது. பட்டையின் ஓரங்கள் சாய்ந்தவை. சாய்ந்த ஓரம் என்றால், துவின் எல்லை தவைப் பொறுத்தது, தவின் எல்லை துவைப் பொறுத்தது. என் தண்டு சரியா என்று தெரிய உன் துளையின் அளவு எனக்குத் தெரிய வேண்டும். அயனம்பாக்கத்தில் தண்டும் ஹோசூரில் துளையும் தயாரானால் இது நடக்காத காரியம். செவ்வகத்தின் ஓரங்களோ அச்சுகளுக்கு இணையானவை. ஒவ்வோர் ஓரமும் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறது. தண்டுக்காரர் தன் இரண்டு எண்களை மட்டும் காத்தால் போதும், துளைக்காரர் யாரென்றே கேட்க வேண்டாம். பட்டையின் மீதியை எல்லாம் விட்டுக்கொடுத்துப் பெட்டிக்குள் ஒதுங்குவது, ஒருவரோடொருவர் பேசாமலே வேலை செய்வதற்காகக் கொடுக்கும் விலை. ஸ்பேர் பார்ட்ஸ் என்ற வியாபாரமே இந்த விலையின் மேல்தான் நடக்கிறது. பத்து வருடம் கழித்து வாங்கும் தண்டு பழைய துளைக்குப் பொருந்துகிறதே, அதற்குக் காரணம் இந்தப் பெட்டி.

ஒரு கிராஃபைப் பார்த்தவுடன் நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஓரங்கள் நேராக நிற்கின்றனவா, சாய்ந்திருக்கின்றனவா. நேராக நின்றால் அந்த இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம். சாய்ந்திருந்தால் அவர்களுக்குள் ஒரு பிணைப்பு இருக்கிறது, பேசித்தான் ஆக வேண்டும்.

பேசிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கும் வழக்கத்தில் உதாரணம் உண்டு. துளைகளை 0 முதல் 51 மைக்ரான் வரை தாராளமாக விட்டுவிடுங்கள். தண்டுகளை −24 முதல் 27 வரை விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அளந்து மூன்று குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு 17 மைக்ரான். சின்னத் துளைக்குச் சின்னத் தண்டு, நடுத்தரத்துக்கு நடுத்தரம், பெரியதற்குப் பெரியது. கிராஃபில் வரைந்தால் மூன்று சதுரங்கள், பட்டைக்குள் படிக்கட்டுப் போல ஏறும். ஒவ்வொரு சதுரத்திலும் மிகக் குறைந்த இடைவெளி 7, மிக அதிக இடைவெளி 41, சரிபார்த்துக்கொள்ளுங்கள். தண்டுக்காரருக்கு 13-ஆக இருந்த தளர்வு 51 ஆகிவிட்டது, பழைய மெஷினே போதும். பிஸ்டனையும் சிலிண்டரையும், பேரிங் குண்டுகளையும் வளையங்களையும் இப்படித் தரம் பிரித்துச் சேர்ப்பது உலகமெங்கும் வழக்கம். டீசல் பம்ப்பின் பிளஞ்சரும் பேரலும் இன்னும் ஒரு படி மேல், அவை ஜோடியாகவே பிறந்து ஜோடியாகவே மாற்றப்படுபவை. நட்டம் என்ன? குழுக்களில் எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் மிஞ்சியது கிடப்பில் கிடக்கும். கடையில் போய் "ஒரு தண்டு கொடுங்கள்" என்று கேட்க முடியாது, எந்தக் குழு என்றும் சொல்ல வேண்டும்.

எல்லாத் தண்டும் சுழல வேண்டியதில்லை. சிலது அப்படியே இறுகி உட்கார வேண்டும். சின்ன எழுத்து பி, பக்கத்தில் 6 என்று போட்டால் தண்டின் எல்லை +22 முதல் +35. துளை பழையபடி 0 முதல் 21. இந்தப் பெட்டி முழுதும் து = த கோட்டுக்கு மேலே இருக்கிறது, பிரஸ் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். நடுவே கே6 என்று ஒன்று உண்டு, தண்டு +2 முதல் +15. அந்தப் பெட்டியைக் கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சில ஜோடி இறுகும், சில ஜோடி தளரும். எத்தனை பங்கு இறுகும்? பெட்டிக்குள் புள்ளிகள் சீராகப் பரவியிருந்தால் பரப்பைப் பார்த்தால் போதும். கோட்டுக்கு மேலே உள்ள சரிவகத்தின் பரப்பு, 2-க்கும் 15-க்கும் சராசரியான 8.5-ஐ 13-ஆல் பெருக்கினால் 110.5. முழுப் பெட்டி 273. பத்தில் நான்கு இறுகும், ஆறு தளரும்.

உண்மையில் இறுகுவது இன்னும் அதிகமாகவே இருக்கும். காரணம் மனித சுபாவம். தண்டில் இன்னும் கொஞ்சம் சீவலாம், சீவியதை ஒட்டவைக்க முடியாது. ஆகவே ஆபரேட்டர் தண்டை மேல் எல்லைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். துளையிலும் அதே பயம், கீழ் எல்லையிலேயே நிறுத்துவார். கிராஃபில் புள்ளிகள் எல்லாம் மேல் இடது மூலையில் போய்க் குவியும். "எல்லைக்குள் இருக்கிறது, பாஸ்" என்று கேஜ் சொல்லும், அசெம்பிளியிலோ எல்லா ஜோடியும் டைட்டாக வரும். எல்லைக்குள் இருந்தால் போதும் என்பதை விட்டு, நடுவை நோக்கிக் குறிவைக்க வேண்டும் என்பது ஜப்பானியர் வற்புறுத்திய பாடம். 1998-ல் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானிய விருதான டெமிங் பரிசை வாங்கியபோது, அது இந்தியாவுக்கே முதல் டெமிங் பரிசு.

சென்னை வெயிலையும் இந்தத் தாளில் வரைந்துவிடலாம். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்படுபவை, அது உலகப் பொதுவிதி. மே மாதத்து ஷெட்டில் 40 டிகிரி. 25 மில்லிமீட்டர் எஃகு 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 6 மைக்ரான் விரியும். தண்டுக்கு நாம் கொடுத்த மொத்தத் தளர்வே 13 என்பதை நினைவில் வையுங்கள், கிட்டத்தட்டப் பாதி. ஆனால் துளையும் எஃகு, தண்டும் எஃகு என்றால் கவலை இல்லை. இரண்டும் 6 ஏறும், புள்ளி 45 டிகிரியில் நகரும், அதாவது கோட்டுக்கு இணையாக. எவ்வளவு சூடானாலும் பட்டையை விட்டு வெளியேறாது. துளை மட்டும் அலுமினிய உறையில் இருந்தால் கதை வேறு. அலுமினியம் எஃகைப் போல் இரண்டு மடங்கு விரியும், இங்கே 11.5 மைக்ரான். புள்ளி வலப்பக்கம் 11.5, மேலே 6, ஆக ஏறக்குறைய 6 மைக்ரான் அளவுக்குப் பிடி தளர்கிறது. பி6 பெட்டியில் மிகக் குறைந்த பிடி ஒரு மைக்ரான்தான். அந்த மூலையில் இருந்த ஜோடி மே மாதத்தில் கோட்டைத் தாண்டிவிடும், இறுகியிருந்த புஷ் சுற்ற ஆரம்பிக்கும். இதே விதியைத் திருப்பிப் பயன்படுத்துவதுதான் கியரையோ பேரிங்கையோ எண்ணெயில் சூடாக்கி ஏற்றும் வித்தை. 80 டிகிரி ஏற்றினால் 25 மில்லிமீட்டர் எஃகுத் துளை 23 மைக்ரான் விரியும். 18 மைக்ரான் இறுக்கம் உள்ள ஜோடி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும், கையாலேயே ஏற்றலாம். ஆறியதும் புள்ளி பழைய இடத்துக்குத் திரும்பும், பிறகு சுத்தியலுக்கும் அசையாது.

இதுவரை பார்த்த பெட்டிகளில் எந்தப் புள்ளியும் இன்னொன்றைவிட மேல் என்று சொல்லவில்லை. இனி லாபத்தைக் கொண்டுவருவோம். ஒரு பட்டறை, ஒரு லேத், ஒரு கிரைண்டிங் மெஷின். செய்யும் பாகங்கள் இரண்டு, புஷ்ஷும் பின்னும். ஒரு நாளைக்கு ஒவ்வொன்றும் 8 மணி நேரம், 480 நிமிடம் ஓடும். புஷ் ஒன்றுக்கு லேத்தில் 4 நிமிடம், கிரைண்டரில் 2. பின் ஒன்றுக்கு லேத்தில் 3, கிரைண்டரில் 4. எதைச் செய்தாலும் உருப்படிக்கு 10 ரூபாய் நிற்கும். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, கேள்வி நிஜமானது. எத்தனை புஷ், எத்தனை பின்?

புஷ்ஷின் எண்ணிக்கை பு, பின்னின் எண்ணிக்கை பி என்றால், 4பு + 3பி ≤ 480. 2பு + 4பி ≤ 480. இரண்டும் சாய்ந்த கோடுகள், ஏனென்றால் புஷ்ஷும் பின்னும் ஒரே லேத்துக்கும் ஒரே கிரைண்டருக்கும் போட்டி போடுகின்றன. புவும் பியும் சுழிக்குக் கீழே போகா. இங்கே (0, 0) சோதனைக்குத் தாராளமாக உதவும்: 0 ≤ 480, சரி. இரண்டு அரைத் தளங்களும் சேர்ந்து வெட்டிக்கொண்டால் ஒரு நாற்கரம், மூலைகள் (0, 0), (120, 0), (48, 96), (0, 120). அதற்குள் உள்ள எந்தப் புள்ளியும் நடக்கக்கூடிய ஒரு நாள். 10பு + 10பி என்பதை ஒரு ஸ்கேலாக நினைத்து, சாய்வு மாறாமல் தாளின் மேல் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். நாற்கரத்தை விட்டு ஸ்கேல் விலகும் கடைசிக் கணத்தில் அது தொட்டுக்கொண்டிருப்பது ஒரு மூலையை: 48 புஷ், 96 பின், 1,440 ரூபாய். புஷ் மட்டும் போட்டாலும் பின் மட்டும் போட்டாலும் 1,200-தான்.

சிறந்த விடை மூலையில்தான் கிடைக்கும் என்பதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. பின்னுக்கு விலை படிப்படியாகக் குறைந்தால் பட்டறையும் படிப்படியாகப் பின்னைக் குறைக்கும் என்று தோன்றும். அப்படி நடக்காது. பின் 10-லிருந்து 9 ஆனாலும் 8 ஆனாலும் அதே 48-ம் 96-ம்தான் சிறந்தது. ஏழரைக்குக் கீழே இறங்கியதும் ஒரே தாவல், 120 புஷ், பின்னே வேண்டாம். நேற்றுவரை ஒழுங்காகப் பின் அனுப்பிக்கொண்டிருந்த பட்டறை 50 பைசாவுக்காக ஒரேயடியாக நிறுத்திவிட்டதே என்று வாங்குபவர் கோபப்படலாம். அதில் பட்டறைக்காரரின் பிடிவாதம் எதுவும் இல்லை, நாற்கரத்துக்கு மூலைகள் இருப்பதுதான் காரணம்.

கரண்ட் போகட்டும். கிரைண்டருக்கு 2 மணி நேரம் போனால் அதன் கோடு இணையாக உள்ளே நகரும், மூலை (84, 48)-க்குப் போகும், வருமானம் 1,320. 120 நிமிடத்துக்கு 120 ரூபாய், நிமிடம் ஒரு ரூபாய். அதே 2 மணி நேரம் லேத்துக்குப் போனால் மூலை (0, 120), வருமானம் 1,200, நிமிடம் 2 ரூபாய். எந்த ரசீதிலும் இல்லாத இந்த விலைகளை நாற்கரமே சொல்லித் தருகிறது. லேத்துக்கு ஒரு மணி ஓவர்டைம் போட்டால் 120 ரூபாய் கூடுதலாக வரும், ஆபரேட்டருக்கும் கரண்டுக்கும் அதற்குள் முடிந்தால் போடலாம். இன்னொன்றும் பாருங்கள்: 480 லேத் நிமிடத்துக்கு இரண்டிரண்டு ரூபாய், 480 கிரைண்டர் நிமிடத்துக்கு ஒவ்வொரு ரூபாய், கூட்டினால் அதே 1,440. இது எப்போதும் இப்படித்தான் வரும் என்பது நேரியல் திட்டமிடல் என்ற இந்தத் துறையின் மிக அழகான தேற்றம்.

இரண்டு பொருள் என்றால் தாளில் வரையலாம். இருநூறு பொருள் என்றால்? அசமன்பாட்டுத் தொகுதிகளை 1820-களிலேயே ஃபூரியே ஆராய்ந்திருந்தாலும் தேவை வந்தது தொழிற்சாலைகளிலிருந்துதான். லெனின்கிராடில் ஒரு பிளைவுட் நிறுவனம், மரத்தகடு சீவும் இயந்திரங்களுக்கு எந்த மரத்தை எவ்வளவு பிரித்துக் கொடுப்பது என்று கேட்டது. அதற்குப் பதிலாக 1939-ல் லியோனிட் கான்டரோவிச் எழுதியது இந்தக் கணிதத்தின் தொடக்கங்களில் ஒன்று. 1975-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. 1947-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக், மூலையிலிருந்து பக்கத்து மூலைக்கு ஓரம் வழியாக நடந்து மேலான விடையை நோக்கிப் போகும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். 1984-ல் குவாலியரில் பிறந்து பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த நரேந்திர கர்மார்க்கர், பெல் ஆய்வகத்தில் இருந்தபடி, ஓரம் வழியாகச் சுற்றாமல் உருவத்தின் உள்ளே ஊடுருவிச் செல்லும் முறையைக் கொடுத்தார். இன்று பெரிய கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள்களில் இரண்டு வழிகளும் இருக்கின்றன.

பதினோராம் வகுப்பில் தமிழ்நாட்டுப் பாடநூல் அசமன்பாடுகளை வரைபடத்தில் காட்டச் சொல்கிறது. என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைத்தபோது, அதே வகுப்பின் இருமாறி அசமன்பாட்டு வரைபடங்களை எடுத்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் அவை நேரடியாக லாபக் கணக்காக வந்து நிற்கும், அடித்தளம் இல்லாமல். தவறான வெட்டு என்பது என் கருத்து. இன்னொரு பக்கம், அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கும் பிள்ளைகள் ஹெச்7, ஜி6 எல்லாவற்றையும் அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளையிடம் வரைபடம் இருக்கிறது, பொருள் இல்லை. ஐ.டி.ஐ. பிள்ளையிடம் பொருள் இருக்கிறது, வரைபடம் இல்லை. இரண்டும் ஒன்று என்று இருவருக்குமே யாரும் சொல்வதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இந்தப் பாடத்துக்கு வரும்போது, பக்கத்துப் பட்டறையில் ஒரு பழைய டிராயிங்கும் ஒரு ப்ளக் கேஜும் கேட்டு வாங்கி வாருங்கள். கேஜைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கிராஃப் தாளை எடுக்கச் சொல்லுங்கள்.